வாரிசுச் சான்று

அப்பா செத்து இரண்டாம் மாதம்,
அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீசில்
டோக்கன் இருபத்திமூன்று நான்.
மடியில் மனு, அதற்குள் வி.ஏ.ஓ. ரிப்போர்ட்.
நூற்றிப்பத்துப் படங்களில் அடிவாங்கிச் செத்த மனிதர்
நிஜமாகவே செத்ததற்கு அத்தாட்சி.
இறந்தவர் பெயர் நம்பிராஜன். திரையில் வேறு பெயர்.

தாசில்தார் நாற்காலியில் உலகம்மை.

ஊருக்குத் தெரியாத கதை இல்லை.
பாபநாசத்தில் முப்பது நாள் ஷூட்டிங்.
அப்பா வில்லன், பிரேமாவதி இரண்டாம் கதாநாயகி.
பிறகு ஊரே விரல்விட்டு மாதங்களை எண்ணியது.
அந்த விரல்களுக்கு நடுவே பிறந்தவள்
எட்டு வயதில் தூர்தர்ஷனில் உட்கார்ந்து
எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொன்னாள்.
லீப் வருஷமோ வெள்ளைக்காரன் காலமோ
கண்ணை ஒருதரம் மூடித் திறப்பாள், அவ்வளவுதான்.
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
யாருடைய மூளை என்று கேட்டார்கள்.
வாரப் பத்திரிகை ஒன்று அவள் மூக்கையும் அப்பா மூக்கையும்
அடுத்தடுத்து அச்சடித்தது.
அம்மா டி.வி.யை அணைத்துவிட்டு
காய்ந்த மிளகாயை மறுபடி காயப்போடப் போனாள்.
கணக்கில் இரண்டு தடவை பெயிலான நான்
இருண்ட திரையில் என் மூக்கைப் பார்த்தேன்.
அது அம்மாவுடையது.

அமெரிக்கா போவாள் என்றார்கள்.
இல்லை, சினிமாதான் என்றார்கள்.
அவள் சர்வீஸ் கமிஷன் எழுதி
பட்டாவுக்கும் ஓடைப் புறம்போக்குக்கும் வந்தாள்.
போன ஐப்பசி வெள்ளத்தில்
முக்கூடல் கரையில் இரவெல்லாம் நின்று
நானூறு பேரை லாரியில் ஏற்றினாள்.
மெகாபோன் பேட்டரி தீர்ந்தபின் வெறுந்தொண்டை.
மறுநாள் டீக்கடையில்,
"என்னா சத்தம் வே! அப்படியே அவரு குரலுல்லா."
அதையும் அப்பா பேரில் வரவு வைத்தார்கள்.

"பேரு?"
"ஆவுடைநாயகம்."
"இறந்தவருக்கு?"
"மகன்."
தலை நிமிரவில்லை.
"வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருக்கீங்க.
ஜூலை நாலு வியாழன்."
ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
ஐகிரவுண்டில் உயிர் போனது.
வீட்டுக்குக் கொண்டுவந்தபோதுதான் வெள்ளி.
அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் வைத்தேன்.

"மனைவி ஒருத்தர். மகன், மகள்.
வேற வாரிசு யாராவது உண்டா?"

எல்லோரையும் கேட்கிற கேள்வி.
எனக்கு முன்னால் இருபத்திரண்டு பேரிடமும்
இதே குரலில் கேட்டிருப்பாள்.
கிளார்க் ஒருவர் பேப்பர்வெயிட்டை எடுத்து
எடுத்த இடத்திலேயே வைத்தார்.
சாட்சிக்கு வந்த பெரியப்பா மகன்
ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினான்.
கோப்பை வேறொருவருக்குத் தள்ளிவிட்டால்
ஊர் சொன்னது சரி என்றாகிவிடும்.
கையெழுத்துப் போட்டாலோ —
இதெல்லாம் பஸ்ஸில் யோசித்தது.
அப்போது வாய் உலர்ந்ததுதான் ஞாபகம்.
"நீங்கதான் சொல்லணும்" என்று
நாக்கு நுனிவரை வந்ததை
"இல்ல மேடம்" என்று மாற்றினேன்.

"இல்லைன்னு எழுதுங்க" என்றாள் கிளார்க்கிடம்.
பச்சை மையில், பி. உலகம்மை.
பிரேமாவதியின் பி.
"அடுத்தது இருபத்தி நாலு."

வீரவநல்லூரில் இறங்கும்போது இருட்டிவிட்டது.
"எத்தன பேரு போட்டிருக்கு?" என்றாள் அம்மா.
"மூணு."
"நல்லாப் பாத்தியா?"
நீட்டினேன்.
கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு
மூன்று பெயர்களையும் தாண்டிக் கீழே இறங்கி
கையெழுத்தில் நின்றாள்.
ரொம்ப நேரம்.
பிறகு தாளை மடித்தபடி,
"வெள்ளத்துல கெட்ட தொண்டை...
இப்ப தேவலையாமா அவளுக்கு?"